துடுப்புக்கு ஓய்வு தந்த ஓலே எவின்ரூட்

தாணே என்றவுடன் நம் மாணவர்க்கு நினைவுக்கு வருவது புகைவண்டி. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரி பந்தரிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதற் பயணிகள் வண்டி வந்து நின்ற ஊர் அன்றோ அது! ஆனால் தாணேயிலேயே வளர்ந்த எனக்கு அவ்வூரின் பெயரைக் கேட்டால் தண்டவாளம் தோன்றுவதில்லை. பூநாரைகள் வந்திறங்கும் உப்பங்கழியே தோன்றுகிறது.

அந்தக் கழியிலே நான் ஒரு நாள் நாணித் தலை குனிந்தேன். அந்த நாணமே ஒரு பெருமகனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தூண்டியது. அதை நம் மன்றத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆய்வேட்டுக்காகக் கழியில் நீர் எடுக்க நண்பர் மூவருடன் ஒரு முதிய மீனவரின் படகில் சென்றேன். அவரை மாமா என்றே அழைத்தோம். மராத்தியிலும் தமிழிலும் அஃது ஒரே உறவு. படகு புதியது. அதன் பின்பலகையில் மாட்டியிருந்த அவுட்போர்டு மோட்டாரோ பழையது. மாமா விசையைத் திருகினார். மோட்டார் அலறியது, படகு விரைய மறுத்தது. முன்புறம் வானை நோக்கி எழுந்தது. பின்புறம் நீரில் அமிழ்ந்தது. ஓதமும் இறங்கத் தொடங்கிவிட்டது. காலத்தில் கரை சேராவிட்டால் சேற்றில் அமர்ந்து, அடுத்த ஏற்றம் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

பொறியியல் மாணவன் அல்லவா நான்! இந்த மோட்டார் போதாது, இன்னும் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறினேன். மாமா மறுமொழி சொல்லவில்லை. விசையைக் குறைத்து, மெல்ல மெல்லப் படகைக் கரை சேர்த்தார். பிறகு மோட்டாரைக் கழற்றினார். அதன் பிடிக்கும் பின்பலகைக்கும் நடுவே பழைய படகுக்காக வைத்திருந்த இரண்டு அங்குலக் கட்டையை எடுத்துவிட்டார். மோட்டாரின் சாய்வைத் தாங்கும் ஊசியை ஒரு துளை உட்புறமாக மாற்றினார். பின்னால் இருந்த எண்ணெய்க் கலனையும் எங்கள் புட்டிப் பெட்டியையும் முன்னே நகர்த்தினார். அவ்வளவே! மறுநாள் சென்றோம். அதே மோட்டார், அதே எண்ணெய், அதே ஐவர். படகு நீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

என் தந்தை வாக்ளே எஸ்டேட் பட்டறை ஒன்றில் பிட்டராக உழைத்தவர். கதையைக் கேட்டுச் சிரித்தார். பொறியின் வலிமையைக் குறை கூறுமுன் அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார் என்பது அவர் எனக்குப் பலகாலும் சொன்ன பாடம். கல்லூரியில் சேர்ந்த பெருமையில் நான்தான் அதை மறந்தேன். இந்த மோட்டாரை உலகுக்குத் தந்தவர் யார் என்று நூலகத்தில் தேடியபோது, அவரும் என் தந்தையைப் போலப் பட்டறையிலே கற்றவர் என்று கண்டேன்.

ஓலே எவின்ரூட் 1877-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் வேளாண்மை செய்தது. பதினாறாம் வயதில் ஓலே வீட்டை விட்டு மாடிசன் நகர் சென்று, பட்டறையில் தொழில் பழகினார். பகலில் இரும்பும் அரமும். இரவில் பொறியியல் நூல்கள். ஆசிரியர் இல்லை, தாமே படித்தார். பிட்ஸ்பர்க், சிகாகோ ஆகிய நகரங்களின் ஆலைகளிலும் உழைத்துத் தேர்ந்தபின் மில்வாக்கி நகரில் தம் தொழிலைத் தொடங்கினார்.

அங்கே அவருக்குப் பெஸ் கேரி என்னும் மங்கை அறிமுகமானார். கோடை நாள் ஒன்றில் இருவரும் நண்பருடன் ஏரிக் கரைக்கு உலாச் சென்றனராம். பெஸ் ஐஸ்கிரீம் வேண்டினார். ஓலே துடுப்பு வலித்து ஏரியைக் கடந்து சென்று வாங்கினார். திரும்பி வருவதற்குள் வெயிலில் அஃது உருகிப் போயிற்று. துடுப்பின் வேலையைப் பொறி செய்யலாகாதா என்ற எண்ணம் அன்று பிறந்தது என்பர்.

இக்கதை இனியது. ஆனால் இதோடு நின்றுவிட்டால் அந்த அறிஞருக்கு நாம் நீதி செய்தவர் ஆகோம். படகின் வெளியே மோட்டாரை மாட்டும் முயற்சி அவருக்கு முன்பே நடந்தது. காமரன் வாட்டர்மன் என்பவர் 1900-களின் நடுவிலேயே அத்தகைய மோட்டாரைச் செய்து விற்றார். பிறகு ஓலேயின் பெருமை எதில்? படுக்கை நிலையில் ஓர் உருளை, செங்குத்தாக இறங்கும் ஒரு தண்டு, அதன் அடியில் பல்சக்கரங்கள், அவை சுழற்றும் விசிறி, யாரும் திருகி மாட்டக்கூடிய ஒரு பிடி. இவற்றை ஒன்றோடொன்று இசைத்து, எளிய மனிதனும் நம்பி வாங்கும் பொருளாக்கினார். அதுவே அவர் பெருமை. ஏறத்தாழ 62 ராத்தல் எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் கொண்ட அந்தப் பொறியை முதலில் கண்ட பெஸ், காப்பிக் கொட்டை அரைக்கும் கருவி போலிருக்கிறதே என்று கேலி செய்தாராம்.

கேலி செய்தவரே கைகொடுத்தார். 1906-இல் ஓலேயை மணந்த பெஸ், கணக்கையும் கடிதங்களையும் தாமே ஏற்றார். துடுப்பை வீசியெறியுங்கள் என்ற கருத்தில் அவர் எழுதிய விளம்பரம் நாடெங்கும் பரவியது. 1909-இல் நிறுவனம் தோன்றியது. 1911-இல் காப்புரிமை கிடைத்தது. ஸ்காண்டிநேவிய மீனவரும் வாங்கினர்.

செல்வம் பெருகிய வேளையில் பெஸ்ஸின் உடல்நலம் குன்றியது. ஓலே என்ன செய்தார் தெரியுமா? 1914 வாக்கில் தம் பங்கைக் கூட்டாளிக்கு விற்றார். ஐந்தாண்டுகள் இத்தொழிலில் இறங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டு, மனைவியோடு ஊர் ஊராகப் பயணம் செய்தார். தம் பெயர் தாங்கிய பொறியைப் பிறர் விற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயினும் அவர் மனம் ஓயவில்லை. மோட்டாரின் எடை முழுவதும் படகின் பின்முனையில் அல்லவா தொங்குகிறது? எடை குறைந்தால் படகு நேராக அமரும். ஒருவரே தூக்கிச் செல்லவும் முடியும். எனவே அலுமினியத்தை மிகுதியாகக் கையாண்டு இரட்டை உருளை மோட்டார் ஒன்றை வகுத்தார். எடை முன்னதைவிடக் குறைவு, ஆற்றலோ இருமடங்கு! பழைய கூட்டாளியிடமே முதலில் காட்டினார். அவர் வேண்டாம் என்றார். ஓலேயும் பெஸ்ஸும் எல்டோ என்ற பெயரில் புது நிறுவனம் கண்டனர். அது வென்றது. 1929-இல் பழைய நிறுவனமும் புதியதும் ஒன்றாக இணைந்தன. தலைவராக ஓலே அமர்ந்தார்.

தோழர்களே, மாமா செய்த மூன்று மாற்றங்களின் பொருள் இப்போது விளங்கும். படகுக்குள் நிலையாகப் பதித்த பொறியைக் கட்டுபவர் ஒருமுறை பொருத்திவிடுவார். கழற்றி மாட்டும் மோட்டாரையோ ஒவ்வொரு படகிலும் நாமே பொருத்த வேண்டும். விசிறிக்கு மேலே உள்ள தட்டைத் தகடு, படகின் அடிப்பகுதிக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருப்பது நலம். மிக உயர்ந்தால் விசிறி காற்றை உறிஞ்சி வீணே சுழலும். எங்கள் மோட்டார் அலறியது அதனாலேதான். மிகத் தாழ்ந்தால் நீரின் இழுப்பு மிகும். மோட்டாரின் கீழ்முனை வெளியே சாய்ந்தால் படகின் முன்புறம் எழும். உள்ளே சாய்ந்தால் தாழும். விசிறியின் புரியளவு, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், ஓர் அங்குலம் கூடினால் மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் குறையும். முழு விசையில் ஓடும்போது சுற்றுகள் செய்தவர் குறித்த எல்லைக்குள் நிற்கும் விசிறியே ஏற்றது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். அதே சுமையோடு மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய மோட்டாரின் விலை வேண்டா, பொறுமை வேண்டும்.

1933-இல் பெஸ் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1934 ஜூலையில், 57-ஆம் வயதில் ஓலேயும் மறைந்தார். மகன் ரால்ப் தொழிலைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் பல கை மாறிய எவின்ரூட் மோட்டாரின் உற்பத்தி 2020-இல் நின்றது. பெயர் நின்றாலும் பணி நிற்கவில்லை. குமரிக் கரையின் வள்ளங்களிலும் நம் தாணேக் கழியின் படகுகளிலும் அவர் வகுத்த வழியிலேயே மோட்டார்கள் தொங்குகின்றன. சரியாகப் பொருந்தாத மோட்டார் குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் எண்ணெயும் மீனவர் வீட்டு உலையரிசியில் குறைகிறது. அதை நாம் மறக்கலாகாது.

அந்த இரண்டு அங்குலக் கட்டையை மாமாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். அது என் மேசைமேல் இருக்கிறது. எதற்கேனும் பெரிய பொறி வேண்டும் என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், முதலில் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.