டோனாவூர் அம்மா

நம்மில் பலருடைய முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்திறங்கிய காலத்தில், அயர்லாந்திலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தவர் எமி கார்மைக்கேல் அம்மையார். 1867ஆம் ஆண்டு பிறந்த அவர், 1895இல் இந்தியா வந்தார். பின்னர்த் தாயகம் திரும்பவேயில்லை.

1901இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த 7 வயதுச் சிறுமியொருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். 1913இலோ டோனாவூரில் பிள்ளைகள் 130 பேர்! அத்தனை வயிறுகளுக்கும் நாள்தோறும் சோறு வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பால் வேண்டும். தோட்டச் சம்பளத்தில் நான்கைந்து பிள்ளைகளை வளர்த்த பெற்றோர் இப்பாரத்தை நன்கறிவர். ஆயினும், அம்மையார் எவரிடமும் நன்கொடை கேட்டதில்லை. தம் பொருட்டுப் பிறர் கேட்பதையும் விரும்பவில்லை. குறையை இறைவனிடம் மட்டுமே முறையிட்டார். கேளாமலே வந்த காணிக்கைகளால் பிள்ளைகள் உண்டனர், கற்றனர். பின்னாளில் ஒரு மருத்துவமனையும் எழுந்தது.

வேண்டிவிட்டுச் சும்மா இருந்தாரல்லர். பச்சிளங் குழந்தைகளைப் பேணினார். ஓயாது நூல்கள் எழுதினார். 1931இல் கீழே விழுந்து கால் முறிந்தபின், ஏறத்தாழ 20 ஆண்டுகள் அறையில் கிடந்தே எழுதினார்.

1951 ஜனவரி 18ஆம் நாள் மறைந்தார். கல்லறைக் கல் வேண்டாமென்பது அவர் விருப்பம். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீரருந்தும் தொட்டியொன்றை அமைத்து, ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தனர்.