சாயம் போட்டே நோயைப் பிடித்தவர்... யார் இந்த பால் எர்லிக்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஈசினோபில்' என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஈயோசின் என்ற சாயத்தை விரும்பும் செல் என்று அர்த்தம். அந்தப் பெயருக்குக் காரணமானவர் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக்.

1854-ல் ஸ்ட்ரேலனில் பிறந்தார்; அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. துணிக்குச் சாயம் போட ஜெர்மன் ஆலைகள் விதவிதமான அனிலின் சாயங்களைத் தயாரித்துக்கொண்டிருந்த காலம் அது. திசுவை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, செல்லுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. எர்லிக்கின் உறவினர் கார்ல் வைகெர்ட் ஏற்கெனவே இந்தச் சாயங்களைத் திசுக்களில் போட்டுப் பார்த்தவர். எர்லிக்கும் அந்த வழியில் இறங்கினார். 1878-ல் லைப்சிக்கில் அவர் கொடுத்த ஆய்வேடே சாயமேற்றுவது பற்றித்தான்.

ஒரு சாயம் ஏன் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டுகிறது? இதுதான் அவரைக் குடைந்த கேள்வி. ஈயோசின் மாதிரி அமிலச் சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது. நேர்மின்னூட்டம் உள்ள புரதங்களைத் தேடிப் போய் ஒட்டும். மெத்திலீன் ப்ளூ மாதிரி காரச் சாயம் அப்படியே தலைகீழ், உட்கருவைப் பிடிக்கும். இதை வைத்தே வெள்ளை அணுக்களை வகை பிரித்தார் மனிதர்!

1882 மார்ச் 24. பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது எர்லிக்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கோக்கின் முறையில் சாயம் ஏறவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். சீக்கிரமே எர்லிக் அதைவிட வேகமான வழியைக் கண்டுபிடித்தார். இந்தக் கிருமியின் சுவர் மெழுகு மாதிரி. உள்ளே போன சாயத்தை, அமிலம் ஊற்றினாலும் விடாது, சுற்றியுள்ளதெல்லாம் வெளுத்துவிடும். பிறகு சீல், நீல்சன் இருவரும் மெருகேற்றிய இந்த முறையில்தான் சளிப் பரிசோதனை இன்றும் நடக்கிறது.

1888-ல் தன் சளியையே பரிசோதித்தார் எர்லிக். கிருமி இருந்தது. மனைவியோடு எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்து, உடல் தேறி 1889-ல் பெர்லின் திரும்பினார்.

கிருமியை மட்டும் தேடி ஒட்டும் சாயம் இருக்கிறதென்றால், கிருமியை மட்டும் கொல்லும் மருந்தும் இருக்கலாமே? 1891-ல் மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் ப்ளூவையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு வந்தது. மறு வருடம் ஜப்பானிய சகா ஹாட்டாவுடன், 606 என்று எண்ணிட்ட ஆர்செனிக் சேர்மம் சிபிலிஸ் கிருமியைக் கொல்வதைக் கண்டார். 1910-ல் அது சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1915-ல் எர்லிக் இறந்த பிறகும், பென்சிலின் வரும்வரை சிபிலிஸுக்கு ஆர்செனிக் மருந்துகள்தான் கைகொடுத்தன.