உயிர்க்கடிகாரம் ஆய்ந்த பேராசிரியர் சந்திரசேகரன்

கரிசல் நிலத்தார்க்குக் காலமென்பது மழையை நோக்கிக் கணிக்கப்படுவதொன்று. ஆயினும், கோவிற்பட்டியிற் பஞ்சாலைகள் தோன்றிய பின்னர், ஆலைச் சங்கே நம்மவரிற் பலருக்குப் பொழுதை வகுத்துக் கொடுக்கலாயிற்று. இரவெல்லாம் நூற்பு இயந்திரத்தின் முன் நின்று, விடியலில் வீடு திரும்பி, பகலிற் கண்ணயர முயன்று தோற்பவரை நாம் காண்கின்றோம். ஏவிய வேளையில் உறக்கம் வாராதது ஏன்? இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடைய ஆராய்ச்சியில் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞரொருவர், இங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில் விளங்கினார். அவர் மறைந்து ஆண்டுகள் பல கடந்தமையின், இளைஞர் அறியுமாறு அவர் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

எம். கே. சந்திரசேகரன் 1937-ஆம் ஆண்டிற் பிறந்தவர். சென்னையில் விலங்கியல் ஆராய்ந்த காலத்து, கடலோர மணலிற் புதைந்து வாழும் சிறு நண்டினமொன்றைத் தெரிந்துகொண்டார். கடலினின்று பிரித்து ஆய்வுக்கூடத்தில் வைத்தபோதும், ஏற்றவற்ற வேளைக்கொப்ப அதன் அசைவும் சுவாசமும் கூடிக் குறைந்தன. காணாத கடலின் கணக்கை அச்சிற்றுயிர் தன் உடலுள்ளே வைத்திருந்தது! இது 1965-இல் வெளியாயிற்று.

பின்னர் ஜெர்மனி தேசத்துத் தியூபிங்கன் நகரில், எங்கல்மன் என்னும் பேராசிரியருடன் பழ ஈக்களை ஆராயலானார். கூட்டுப்புழுவினின்று ஈ வெளிப்படுவது வைகறையை ஒட்டிய வேளையில். இடையறாத இருளில் வைத்தாலும் நாள்தோறும் அவ்வொழுங்கு நீடிக்கும். அவ்விருளிற் சிறிதுபொழுது ஒளி காட்டினால் யாதாகும்? முன்னிரவிற் காட்டிய ஒளி ஈயின் கடிகாரத்தைப் பின்தள்ளியது. பின்னிரவிற் காட்டிய அதே ஒளி அதனை முன்தள்ளியது. முன்னதை அந்தியாகவும் பின்னதை விடியலாகவும் ஈ கொள்கின்றது போலும் என்னும் கருத்தை, யான்சன் என்னும் பௌதிக அறிஞரையும் உடன்கொண்டு, 1973-இல் அவர்கள் வெளியிட்டனர். ஐப்பசியிற் பயிரை வளர்க்கும் மழையே பருத்தி வெடித்தபின் பெய்தால் அதனைக் கெடுப்பதை நாம் அறிவோம். ஒளியும் அத்தகையதே, அளவினும் வேளையே பெரிது.

ஒளி விழுந்த வேளையையும், கடிகாரம் நகர்ந்த அளவையும் தாளிற் குறித்தால் ஒரு வளைகோடு பிறக்கும். கணிதத்தார்க்கு அக்கோடு பெருஞ்செல்வம். 1982-இல் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்துக் குரோனவர் முதலியோர், மனிதன் கடிகாரத்தை ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு அலைவிகளாகக் கொண்டு சமன்பாடுகள் அமைத்தனர். ஒளியின் ஆற்றலும் பின்னர் அவற்றுட் சேர்க்கப்பட்டது. வேலைநேரத்தில் மிக்க ஒளியும், பகலுறக்கத்தில் முழு இருளும் அளித்தால் இரவு வேலையாளின் கடிகாரம் திரும்பும் என்று 1990-இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். நம் ஆலைத் தொழிலாளி காலை வெயிலில் வீடு திரும்புவது இதற்கு நேர்மாறு. அவ்வெயில் அவர் கடிகாரத்தைப் பகலிலேயே கட்டிவைக்கின்றது.

இனி மதுரைக்கு வருவோம். காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்குநடத்தைத் துறையைக் கட்டியெழுப்பிய சந்திரசேகரன், ஆய்வுக்கூடத்தோடு அமையாது, மலைக்குகைகளையும் நாடினார். அருகிலுள்ள சமணர் மலைப் பகுதியில் வௌவால்கள் மிகுதி. ஒளி புகாத குகையிற் கூண்டிலடைத்த வௌவால், கூட்டத்தார் மாலையிற் பறந்து செல்வதையும் மீள்வதையும் உணர்ந்தே தன் கடிகாரத்தைச் செம்மை செய்துகொண்டது. தனித்த குகையில் வைத்ததோ 24 மணிநேரத்தினின்று விலகிச் சென்றது. மாணவர் மாரிமுத்து முதலியோருடன் 1981-இல் வெளியிட்ட இவ்வாய்வே அவருடைய பணிகளுள் மிக அழகியதென்பது எம் எண்ணம்.

மனிதரையும் அவர் விட்டாரில்லை. கடிகாரமும் செய்தித்தாளும் சாளரமுமற்ற அறையில் அன்பர் சிலர் மனமுவந்து பல நாள் தங்கினர். அவருள் ஒரு பெண்மணியின் உறக்க விழிப்புச் சுழற்சி பெரிதும் நீண்டது. ஆயினும் மாதவிலக்கு முறை மாறவில்லை. உடலில் உள்ள கடிகாரம் ஒன்றன்று என்பதற்கு இது சான்றாயிற்று.

பிற்காலத்தில் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்திற் பணிபுரிந்து, உயிருலகிற் காலம் பற்றி ஆங்கிலத்தில் நூலொன்றும் எழுதி, 2009-இல் அவர் காலமானார். பழ ஈயின் கடிகாரத்தை மரபணுவளவில் விளக்கிய அமெரிக்கர் மூவர் 2017-இல் நோபெல் பரிசு பெற்றபோது, அதனைக் காண அவர் இருந்திலர்.