பேசாப் படம் தந்த பெரியார்

தென்கோடியிலே குமரிமுனைக்கு அணித்தாக உள்ளது அகத்தீசுவரம் என்னும் ஊர். 1975ஆம் ஆண்டு அவ்வூரில் முதியவர் ஒருவர் வறுமையிலே உயிர்நீத்தார். மலையாள நாட்டின் முதற் கதைப்படத்தை ஆக்கியளித்த ஜே. சி. டேனியல் என்பார் அவரே. ஒரு கலைக்கு வாயில் திறந்துவிட்டவர், தாமே அவ்வாயிலுக்கு வெளியில் நிற்க நேர்ந்த வரலாறு அவருடைய வரலாறு.

டேனியல் செல்வமும் கல்வியும் வாய்ந்த தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் தோன்றியவர், திருவனந்தபுரத்தில் பயின்றவர். இளமையிலேயே களரிப்பயிற்று, வாள்வீச்சு முதலிய வீரக்கலைகளில் அவர் உள்ளம் தோய்ந்தது. வாள்வீச்சுக் கலையைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் இயற்றினார். இக்கலைகளைத் திரைப்படத்தின் வாயிலாக மக்களிடையே பரப்ப வேண்டும் என்ற வேட்கையே அவரைப் புதிய துறைக்கு ஈர்த்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று படத்தொழிலின் நுட்பங்களை அறிய முயன்றார். தம் நிலங்களை விற்றுப் பொருள் திரட்டினார். 1926ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் படநிலையத்தை நிறுவினார்.

அக்காலப் படங்கள் பேசா. நடிகரின் முகமும் கையும் கதையை உணர்த்தும். இடையிடையே திரையில் தோன்றும் எழுத்துக்கள் எஞ்சியதைக் கூறும். ஆதலின் படமெடுப்போர் பலரும், மக்கள் முன்னரே அறிந்த புராணக் கதைகளையே நாடினர். டேனியலோ தம் காலத்து மக்களின் வாழ்வையே கதையாக்கினார். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் இலங்கைக்குக் கடத்திச் செல்லப்படுகிறான். அங்கே தோட்டத் தொழிலாளியாக வளர்கிறான். பின்னர்ச் சுற்றத்தாரை அடைகிறான். 'விகதகுமாரன்' என்னும் இப்படத்திற்குக் கதை எழுதியவரும், இயக்கியவரும், ஒளிப்பதிவு செய்தவரும், தலைவனாக நடித்தவரும் டேனியலே. அவருடைய இளமைந்தனும் அதில் நடித்தான்.

பெண்கள் படத்தில் நடிக்க அஞ்சிய காலம் அது. நாட்டுப்புற நாடகங்களில் நடித்துவந்த பி. கே. ரோசி என்னும் நங்கை துணிந்து முன்வந்தார். அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். படத்திலோ நாயர் குலப் பெண்ணாகத் தோன்றினார். திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் படம் காட்டப்பட்டபோது, இதனைப் பொறாதவர்கள் கூச்சலிட்டனர், திரையின்மீது கல்லெறிந்தனர். நடிப்பில் குறை காணாதவர்கள் பிறப்பில் குறை கண்டார்கள்! ரோசி தம் ஊரைவிட்டே ஓடித் தமிழ்நாட்டில் மறைந்து வாழ நேர்ந்தது. மீண்டும் அவர் திரையில் தோன்றவேயில்லை.

படத்தால் போட்ட பொருள் திரும்பவில்லை. கடன் சூழ்ந்தது. டேனியல் கருவிகளை விற்றார், படநிலையத்தை மூடினார், தமிழ்நாட்டு ஊர்களில் பல் மருத்துவராகி வாழ்ந்தார். 1938இல் 'பாலன்' என்னும் பேசும்படம் வெளிவந்தபின், முன்னோடியை நாடு அடியோடு மறந்தது.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல்நாள் மாநில எல்லைகள் மாறின. அகத்தீசுவரம் தமிழகத்தோடு இணைந்தது. முதுமையில் நலிந்த டேனியல் கலைஞருக்குரிய உதவித்தொகையைக் கேரள அரசிடம் வேண்டினார். அவர் வேறு மாநிலத்தவர் என்று கூறி அது மறுக்கப்பட்டது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரிக்கலாம். ஒருவர் செய்த தொண்டையும் பிரித்துவிடலாமா?

சேலங்காட்டு கோபாலகிருட்டிணன் என்னும் இதழாளரின் அயரா முயற்சியால் அவருடைய வரலாறு வெளிப்பட்டது. 1992ஆம் ஆண்டு கேரள அரசு தன் மிகவுயர்ந்த திரைப்பட விருதுக்கு ஜே. சி. டேனியலின் பெயரையே சூட்டியது. 2013இல் அவர் வாழ்க்கையே 'செல்லுலாயிட்' என்னும் படமாயிற்று.

'விகதகுமாரன்' படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. ஆயினும், முதல் அடி வைத்தவர் நடந்த பாதை மறையவில்லை. அவரைப் போற்றும்போது, அவரோடு துணிந்து நடந்து பெருந்துயர் உற்ற ரோசியையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும். உழைத்தோரை அவர் வாழும் காலத்திலேயே மதிப்பதும், பிறப்பு நோக்காது திறமையை ஏற்பதும் நம் கடமையாகும்.