பொருள் தேடிய கலைஞர் உஸ்மான் செம்பேன்

ஏடும் எழுதுகோலும் இருந்தால் நாவல் எழுதிவிடலாம்; திரைப்படத்திற்கோ பெரும்பொருள் வேண்டும். பொருள் தருபவர் கதையிலும் பங்கு கேட்பார். ஆப்பிரிக்கத் திரையின் தந்தை எனப் போற்றப்பெறும் உஸ்மான் செம்பேன் நாற்பதாண்டுகள் இந்த இக்கட்டோடு போராடியவர்.

1923இல் செனகல் நாட்டின் தென்பகுதியில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கொத்து வேலை செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றினார். மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கினார். 1956இல் முதல் நாவலை வெளியிட்டார். தம் மக்களுள் பெரும்பாலோர் பிரெஞ்சு படிக்க அறியாதவர் என்பதை உணர்ந்து, நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ சென்று திரைக்கலை பயின்றார்.

அந்நாளில் ஆப்பிரிக்க இயக்குநர்க்குப் பொருள் வழங்கியது பிரெஞ்சு அரசின் கூட்டுறவு அமைச்சகம். பிரான்சில் வீட்டு வேலைக்குச் சென்ற செனகல் பெண்ணின் துயரமுடிவைக் கூறும் கதைக்கு அது உதவ மறுத்தது. செம்பேன் தம் சொந்த நிறுவனத்தின் துணையோடு 1966இல் அப்படத்தை முடித்தார். மறுத்த அமைச்சகமே பின்னர் அதன் உரிமையை வாங்கிற்று.

1968இல் வெளிவந்த 'மண்டாபி'க்குப் பிரெஞ்சுத் திரை மையம் முன்பணம் அளித்தது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் ஒருவரை ஏற்க நேர்ந்தது. விரும்பாத வண்ணத்தை ஏற்றார். பிரெஞ்சு வடிவம் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். ஆயினும் வோலோஃப் மொழி வடிவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பாரிசிலிருந்து வந்த பணவிடையைக் கையில் வைத்துக்கொண்டும் காசாக்க இயலாமல் அலையும் ஏழையின் கதை அது.

உள்நாட்டுப் பொருளும் தடையற்றதாக இல்லை. அரசுத் திரைப்பட நிறுவனம் பங்கேற்ற 'சாலா' (1975), ஆளும் வகுப்பை எள்ளியதால் தணிக்கையின் வெட்டுகளுக்குப் பின்னரே செனகலில் திரைகண்டது.

ஆதலின் அவர் அண்டை நாடுகளை நாடினார். நிலுவைச் சம்பளம் கேட்ட ஆப்பிரிக்க வீரர்களைப் பிரெஞ்சுப் படை 1944இல் சுட்டுக்கொன்ற வரலாற்றைப் பாரிசின் பணத்தால் எடுத்தல் அரிது. 'தியாருவா முகாம்' என்னும் அப்படம் செனகல், அல்ஜீரியா, துனிசியா ஆகிய மூன்று நாடுகளின் பொருளால் உருவாயிற்று. தியெர்னோ ஃபாத்தி சோவுடன் இணைந்து செம்பேன் இயக்கிய அது, 1988இல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது.

எனினும் அவர்தம் பெருங்கனவு கைகூடவில்லை. பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்த மாவீரர் சாமோரி தூரேயின் வரலாற்றைத் திரைக்காவியமாக்க அவர் நெடுங்காலம் உழைத்தார். அப்பெரும்படைப்புக்குரிய பொருள் திரளவில்லை. 2007 சூன் 9ஆம் நாள் டாக்காரில் அவர் மறைந்தபோது சாமோரியின் கதை தாளிலேயே தங்கிவிட்டது. எடுத்த படங்களால் அவர் பெருமையை அளக்கலாம். எடுக்க இயலாத அந்த ஒரு படத்தால் ஆப்பிரிக்கக் கலைஞரின் வறுமையை அளக்கலாம்.