ஆடுகளத்து ஆசிரியர்

அமெரிக்க நாட்டு நியூசெர்சி மாநிலத்தில், வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில், செருப்புத் தைத்துப் பிழைத்தவர் ஒருவர் வாழ்ந்தார். அவருக்கு மக்கள் எண்மர். அவர்களுள் ஐந்தாமவராக 1862ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தவரே அமோஸ் அலோன்சோ ஸ்டாக். வறுமை மிக்க அக்குடும்பத்தில் படிப்புக்கென்று ஒதுக்கப் பொருள் இல்லை. ஸ்டாக் தாமே உழைத்து ஈட்டிய காசைக்கொண்டே கல்வி கற்றார். ஆகவே, புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தபோது அகவை 22 ஆகிவிட்டது. சமய போதகராகித் தொண்டு செய்தல் வேண்டும் என்பதே அவர்தம் உள்ளத்து விழைவு.

கணப்பு இல்லாத மாடியறை ஒன்றில் அவர் தங்கினார். பனி உறையும் அந்நாட்டுக் குளிரில் அஃது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. செலவைச் சுருக்கும் பொருட்டு உணவையும் குறைத்தார். இறுதியில் உடல் தளர்ந்து நோயுற்ற பிறகே, உணவின்றிப் படிப்பில்லை என்பதை உணர்ந்தார்.

யேலில் அவர் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதில் ஈடு இணையற்று விளங்கினார். ஊதியத்துக்கு ஆடும் குழுவினர் பெரும்பொருள் தருவதாகக் கூறி அவரை அழைத்தனர். மாடியறையில் அரைவயிறு உண்டு வாழ்ந்த இளைஞர் அப்பொருளை ஏற்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆயினும் அவர் மறுத்துவிட்டார். அக்காலத்து ஊதிய ஆட்டக் களங்களில் மதுவும் அதனால் வரும் இழிவும் மலிந்திருந்தன. ஸ்டாக்கோ மதுவையும் புகையையும் வாழ்நாள் முழுவதும் தீண்டாதவர். கற்கவந்த இடத்தில் கற்பதற்காகவே ஆடுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1889ஆம் ஆண்டு, அமெரிக்கக் காற்பந்தில் நாட்டின் தலைசிறந்த வீரர்கள் என முதன்முதலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட பதினொருவருள் அவரும் ஒருவரானார். அமெரிக்கக் காற்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், ஓடுபவரை மறித்து வீழ்த்தியும் ஆடப்பெறும் வன்மையான ஆட்டமாகும்.

பட்டம் பெற்றபின் சமயக் கல்வி பயிலத் தொடங்கிய அவர், தம்மிடம் ஒரு குறை இருப்பதைக் கண்டார். அவை நடுவே நின்று உள்ளம் கவரப் பேச அவருக்கு வரவில்லை. போதகர்க்கு நாவன்மை இன்றியமையாதது. நெடிது எண்ணிப் பார்த்து, மேடையை விட்டு ஆடுகளத்தைத் தம் தொண்டுக்கு இடமாகக் கொண்டார்.

அதன் பொருட்டு அவர் சென்ற இடம் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த உடற்பயிற்சிக் கல்லூரியாகும். அங்கே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரும் ஆசிரியராக இருந்தார். குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்காக நெய்ஸ்மித் 1891ஆம் ஆண்டின் இறுதியில் அமைத்ததே இன்று உலகெங்கும் ஆடப்பெறும் கூடைப்பந்து. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் மக்கள் முன்னிலையில் அவ்வாட்டம் முதன்முறையாக நிகழ்ந்தது. மாணவர் ஒருபுறமும் ஆசிரியர் மறுபுறமும் ஆடினர். மாணவர் ஐந்து முறை பந்தைக் கூடையில் இட்டனர். ஆசிரியர் பக்கம் ஒரே ஒரு முறை. அந்த ஒன்றை இட்டவர் ஸ்டாக்.

அப்பொழுது சிகாகோ நகரில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் எபிரேய மொழி கற்பித்தவர். ஸ்டாக்கை நன்கு அறிந்தவர். அவர் ஸ்டாக்கை அழைத்து உடற்பயிற்சித் துறையை ஒப்படைக்க முன்வந்தார். ஆண்டுக்கு 1,500 டாலர் ஊதியம் என்றார். ஸ்டாக் வாய் திறவாமல் இருந்தார். ஊதியம் போதவில்லை போலும் என்று எண்ணிய ஹார்ப்பர் 2,000 என்றார். பிறகு 2,500 என்றார். அத்துடன் பேராசிரியர் நிலையில் நிலையான பதவியும் அளிப்பதாகக் கூறினார். உண்மையில் ஸ்டாக் பொருளைப்பற்றி நினைக்கவே இல்லை; எதிர்பாராத அழைப்பினால் திகைத்து நின்றார்! பேசத் தெரியாமையால் போதகர் பதவியை இழந்தவர்க்குப் பேசாமையே பேராசிரியர் பதவியை ஈட்டித் தந்தது.

இப்பதவி அளிக்கப்பட்ட முறை கருதத்தக்கது. அக்காலத்தில் விளையாட்டுப் பயிற்றுவோர் சில திங்களுக்கு மட்டும் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். வென்றால் இருப்பர், தோற்றால் போவர். ஆகவே, எப்படியேனும் வெல்லுதலே அவர்கள் குறிக்கோளாயிற்று. ஏனைய பேராசிரியரோடு ஒருவராய் அமர்ந்த ஸ்டாக்குக்கு அந்நெருக்கடி இல்லை.

1892ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அன்றே ஸ்டாக் மாணவரைக் களத்துக்கு அழைத்தார். அணிக்கு ஆள் போதாமையால் முப்பது வயது நிரம்பிய அவரே அவர்களோடு சேர்ந்து ஆடினார். மார்ஷல் பீல்டு என்னும் வணிகப் பெருஞ்செல்வர் அளித்த நிலத்தை மாணவரும் அவருமாகச் சீர்செய்து சுற்றிலும் பலகை வேலி அமைத்தனர்.

அங்கே அவர் 40 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். காற்பந்து, பேஸ்பால், ஓட்டம் ஆகிய யாவற்றையும் கற்பித்தார். அவரிடம் ஓட்டம் பயின்ற ஜேம்ஸ் லைட்பாடி என்னும் மாணவர், 1904ஆம் ஆண்டுச் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1,500 மீட்டர், தடை தாண்டும் நெடுந்தூர ஓட்டம் என மூன்றிலும் முதல்வராக வந்தார். இடுப்பு நரம்பு வலியால் நடக்க இயலாமற்போன காலத்தில், மின்கல வண்டியில் அமர்ந்தவாறே களத்தைச் சுற்றிவந்து ஸ்டாக் கற்பித்தார். மாணவர் தவறு செய்யின் அவர் வாயினின்று வரும் மிகக் கடுமையான வசைச்சொல் கழுதை என்பதே. பெருந்தவறு செய்தவன் இரட்டைக் கழுதை ஆவான்! அவ்வசையைக் கேளாத மாணவர் சிலரே. அதனால் மனம் வருந்தியவர் அவரினும் சிலர்.

1905ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒளியும் நிழலும் ஒருங்கே கலந்த ஆண்டாகும். 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அவர் அணி இரண்டு புள்ளிகளால் வென்றது. அதே பருவத்தில் நாடெங்கும் காற்பந்துக் களங்களில் 18 இளைஞர் உயிரிழந்ததாக இதழ்கள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் ரூசுவெல்டே தலையிட்டுச் சீர்திருத்தம் வேண்டினார். ஆட்ட விதிகள் மாற்றப்பட்டன. விதிக்குழுவில் ஸ்டாக்கும் இருந்தார். அடுத்த ஆண்டு நடு மாநிலப் பல்கலைக்கழகங்கள் கூடிப் புதிய கட்டுப்பாடுகளை வகுத்தன. முதலாண்டு மாணவர் போட்டிகளில் ஆடலாகாது. எவரும் மூன்றாண்டுக்குமேல் ஆடலாகாது. பயிற்றாசிரியர் பல்கலைக்கழகத்தின் முறையான ஆசிரியராக இருத்தல் வேண்டும். இவற்றுள் இறுதியது, ஸ்டாக்குக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஹார்ப்பர் வகுத்தளித்த நிலையாகும்.

எனினும், விதிகளால் மட்டும் எல்லாம் சீர்ப்பட்டுவிடவில்லை. ஸ்டாக்கின் வெற்றிகளால் களத்துக்கு மக்கள் திரண்டனர், பணமும் குவிந்தது, பலகை வேலி இருந்த இடத்தில் மாபெரும் அரங்கம் எழுந்தது. அவ்வரங்குக்கு ஸ்டாக்கின் பெயரே இடப்பட்டது. களத்தில் நாடறிந்த புகழ்பெற்ற மாணவர் ஒருவர் பட்டம் பெறாமலே வெளியேறினார். கல்விக்குத் துணையாக வந்த ஆட்டம் கல்வியை விழுங்கிவிடுமோ என்று பேராசிரியர் சிலர் அஞ்சினர். அவ்வச்சம் வீண் என்று தள்ளத்தக்கதன்று. ஸ்டாக்கின் தூய்மையை எவரும் ஐயுறவில்லை. ஆனால், அவர் எழுப்பிய மாளிகை அவரினும் பெரிதாக வளர்ந்துவிட்டது.

1929ஆம் ஆண்டு ராபர்ட் ஹட்சின்சு என்னும் இளைஞர் பல்கலைக்கழகத் தலைவரானார். விளையாட்டு ஆரவாரம் கல்விக்கு இடையூறு என்பது அவர் துணிபு. 70 வயது நிறைந்த ஸ்டாக்கை ஓய்வு பெறுமாறு பணித்தனர். அறிவுரை கூறும் பதவி ஒன்றை ஊதியத்துடன் தரவும் முன்வந்தனர். மாணவர் இல்லாத பதவி தமக்கு வேண்டா என்று மறுத்த அவர், 1933ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரத்துப் பசிபிக் கல்லூரியில் மீண்டும் பயிற்றாசிரியரானார். பலர் பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் பருவத்தில் அவர் புதிதாகத் தொடங்கினார்.

ஐந்தாண்டு கழிந்து, 1938ஆம் ஆண்டு நவம்பரில், அச்சிறு கல்லூரியின் அணியோடு அவர் சிகாகோவுக்கு வந்தார். தம் பெயர் தாங்கிய அரங்கிலேயே, தம் பழைய பல்கலைக்கழகத்தை எதிர்த்து நின்றார். பசிபிக் 32 புள்ளிகள் பெற்றது. சிகாகோ ஒன்றும் பெறவில்லை. அடுத்த ஆண்டு மிச்சிகனிடம் 85 புள்ளிகளால் தோற்ற சிகாகோ, அவ்வாண்டு இறுதியில் காற்பந்தையே கைவிட்டது.

ஆட்டம் அடங்கிய அவ்வரங்கத்தின் மேற்குப் படிவரிசைக்குக் கீழே பந்தாட்டக் கூடம் ஒன்று இருந்தது. அங்கே 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் என்ரிகோ பெர்மியும் அவர் தோழரும் கரிக்கட்டிகளை அடுக்கி, அணுவின் தொடர்வினையை உலகில் முதன்முதலாக அடக்கியாண்டு காட்டினர். ஸ்டாக்கோ அப்பொழுது 80 வயதில், தொலைவில், இளைஞருக்குப் பந்தை உதைக்கக் கற்பித்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அவர் நாட்டின் சிறந்த பயிற்றாசிரியராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

84ஆம் வயதில் பசிபிக் கல்லூரியும் அவரை விடுவித்தது. அவர் பென்சில்வேனியாவுக்குச் சென்று, சஸ்குவெகன்னா பல்கலைக்கழகத்தில் பயிற்றாசிரியராக இருந்த தம் மகனுக்குத் துணை நின்றார். அணிகளின் ஆட்டங்களை நோக்கிக் குறிப்பெடுத்துப் பல்லாண்டு உதவிய அவர் மனைவி ஸ்டெல்லா நோயுற்றபின் ஸ்டாக்டனுக்கே மீண்டார். 95 வயதைக் கடந்தும் அங்குள்ள சிறு கல்லூரியில் மாணவர்க்குப் பயிற்சி அளித்தார். மனைவி 1964இல் மறைந்தார். மறு ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், தம் 102ஆம் வயதில் ஸ்டாக்கும் இயற்கை எய்தினார்.

சிகாகோவின் பழைய அரங்கம் 1957ஆம் ஆண்டே இடிக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு மாணவர் அணி மீண்டும் காற்பந்துப் போட்டிகளில் இறங்கியது. அடுத்த ஆண்டு, அரங்கம் நின்ற நிலத்தில் பல்கலைக்கழகத்தின் பெரு நூலகம் திறக்கப்பட்டது. சற்றுத் தொலைவில் அமைந்த புதிய ஆடுகளத்துக்கும் ஸ்டாக்கின் பெயரையே இட்டனர்.