பெரியவர் டாம் மாரிஸ்

ஸ்காட்லாந்து தேசத்தின் கீழைக் கடற்கரையிலே செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழம்பதி ஒன்று உளது. நம் சென்னையின் பழம்பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் ஒன்று அவ்வூரில் இன்றும் நடைபெறுகின்றது என்பதை நம்மவருட் பலர் அறியார். அவ்வூரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர், 1789-ஆம் ஆண்டு முதல் நம் எழும்பூரிலே படைவீரர் பெற்ற அநாதைச் சிறார்க்குக் கல்வி புகட்டினார். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையை இங்குக் கையாண்டு, பின்னர் மேனாட்டில் அதனை மதறாஸ் முறை எனப் பரப்பினார். அவர் வைத்துச்சென்ற பொருளால் எழுந்ததே அப்பள்ளி. அவ்வூர் ஈன்ற மற்றொரு புதல்வரே ஈண்டு நாம் காணப்புகும் டாம் மாரிஸ். அவர் மறைபொருள் கற்றவரல்லர், நூல் இயற்றியவருமல்லர். கோலும் பந்தும் செய்த கைவினைஞர்.

கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாக 1821-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் அவர் பிறந்தார். கடலோர மணற்பரப்பிற் புல் மண்டிய வெளியிலே, சிறு பந்தினைக் கோலால் அடித்துக் குழிதோறும் வீழ்த்தும் கோல்ப் என்னும் ஆட்டமே அவ்வூராரின் உயிர். மாரிஸ் இளமையிலேயே ஆலன் ராபர்ட்சன் என்பாரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ராபர்ட்சன் அக்காலத்து ஆட்டக்காரருள் தலைசிறந்தவர். பந்து செய்வதிலும் பேர் பெற்றவர். அந்நாளைய பந்தோ தோலுறையினுள் வேகவைத்த பறவையிறகினை இருப்புக் கோலால் திணித்துத் தைத்தது. ஒரு பந்துக்குத் தொப்பி நிறைய இறகு வேண்டும் என்பர். நாளெல்லாம் நெஞ்சு நோக உழைத்தாலும் ஒருவன் சில பந்துகளே முடிப்பான். ஆகவே விலை மிகுதி. மழையில் நனைந்தாலோ பந்து பாழ்.

இந்நிலையிற்றான் கீழைநாட்டு மரமொன்றின் பால் இத்தொழிலிற் குறுக்கிட்டது. மலேயா நாட்டுக் காடுகளில் விளையும் கட்டாபெர்ச்சா என்னும் பிசின் வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். இந்தியாவிலிருந்து சென்ற திருமால் சிலை ஒன்றைச் சுற்றிப் பொதிந்திருந்த இப்பிசினைக் கொண்டே செயிண்ட் ஆண்ட்ரூஸில் முதற்பந்து உருட்டப்பட்டது என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானது, ஆராய்ச்சியாளர் சிலர் அதனை ஒப்புவதில்லை. எவ்வாறாயினும் 1848-ஆம் ஆண்டளவில் இப்பந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது. இறகுப் பந்தின் விலையில் சிறு பங்கே இதன் விலை. ராபர்ட்சன் தம் பிழைப்புக்குக் கேடு வந்ததென அஞ்சி, அதனைத் தீண்டுவதில்லை என்று தம் ஆட்களிடம் உறுதி பெற்றார் என்பர். ஒருநாள் ஆட்டத்திடையே தம் பந்துகள் தீர்ந்துபோக, மாரிஸ் பிறரிடம் புதுப்பந்து ஒன்றை வாங்கி ஆடினார். எதிரே வந்த ராபர்ட்சன் அதனை அறிந்து வெகுண்டார். தந்தையும் மகனும் போல் இருந்த இருவரும் பிரிந்தனர். ராபர்ட்சனை நன்றியற்ற முதலாளி எனக் கடிந்துரைப்பது எளிது. நம் நாட்டுக் கைத்தறியாளர், ஆலைத்துணி வந்திறங்கிய நாளில் பட்ட பாட்டை எண்ணுவார் அவ்வாறு உரையார்.

மாரிஸ் 1851-இல் மேலைக்கரையிலுள்ள பிரெஸ்ட்விக் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, பன்னிரு குழிகள் கொண்ட ஆடுகளம் ஒன்றை வகுத்தார். உலகறிந்த ஓப்பன் பந்தயம் 1860-இல் எண்மர் கூடி முதன்முதல் ஆடியது அக்களத்திலேதான். அவ்வாண்டு வில்லி பார்க் என்பார் வென்றார்; மாரிஸ் இரண்டடி பின்தங்கினார். அடுத்து 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வெற்றி அவருடையதே. கடைசி வெற்றியின்போது அவர்க்கு வயது 46. அம்மூப்பில் அப்பந்தயம் வென்றார் அவர்க்குப் பின் இன்றுவரை எவருமிலர். இதற்கிடையே செயிண்ட் ஆண்ட்ரூஸ் மன்றத்தார் அவரைத் திரும்ப அழைத்து ஆடுகளக் காவலராக அமர்த்தினர். கோரைப்பட்டுக் கிடந்த தரையில் மணலைத் தூவித் தூவியே புல்லைச் செழிக்கச் செய்தார். கடைசிக் குழியருகே கடை ஒன்றும் வைத்தார்.

நிற்க. அக்கடையினின்று வெளிவந்த கோல்களையே இன்று பழம்பொருள் திரட்டுவோர் பெரும்பொருள் கொடுத்துத் தேடுகின்றனர். அவற்றை இனங்காணும் வகை அறியத்தக்கது. அந்நாளைய கோலின் தலை பீச்சு முதலிய வைர மரத்தாற் கடைந்தது. நீண்டு, ஒடுங்கி, பறவை அலகு போன்றிருக்கும். பின்புறம் குடைந்து ஈயம் வார்த்திருப்பர். அடிவிளிம்பு தேயாதபடி ஆட்டுக்கொம்புத் தகடு பதித்திருப்பர். தண்டுக்கு வட அமெரிக்காவின் ஹிக்கரி மரமே சிறந்தது, வளையும், முறியாது. தலையையும் தண்டையும் சாய்வாகச் சீவி, வச்சிரம் பூசிப் பொருத்தி, கீல் தோய்ந்த நூலால் வரிந்து கட்டுவர். இச்சாய்வுப் பொருத்து இருப்பின் பழமை மிகுதி எனக் கொள்ளலாம். தலையில் துளையிட்டுத் தண்டைச் செருகும் முறை பரவியது 1890-ஐ ஒட்டியே. தலையின் மேல் மாரிஸ் பெயர் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் முத்திரையுள்ள யாவும் அவர் கைப்படச் செய்தவை அல்ல. பட்டறையில் ஆட்கள் பலர் உழைத்தனர். இரும்புத் தலைகளோ கொல்லர் அடித்தவை. அவற்றில் புகைக்குழல் அடையாளம் கண்டால் டாம் ஸ்டுவர்ட் உலைக்களத்தது என்றும், ரோஜா மலர் கண்டால் காண்டி என்பாரது என்றும் அறியலாம்.

எஃகுத் தண்டுக்கு 1929-இல் செயிண்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் இசைவளித்தபின் மரத்தண்டு மெல்ல மறைந்தது. நம் கிண்டிக் குதிரைப்பந்தய வெளியின் நடுவே மதறாஸ் ஜிம்கானா சங்கத்தார் முதன்முதல் ஆடியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆதலின் அவர்கள் கையிலிருந்தனவும் மரத்தண்டுகளே. இன்று மேனாடுகளில் விருப்பத்தோடு மரத்தண்டுகளையே ஏந்தி ஆடும் குழுவினர் பலர் உளர்.

மாரிஸின் மகனும் டாம் என்னும் பெயரினனே. அவன் 1868-இல், 17 வயதில், ஓப்பன் பந்தயம் வென்றான். தொடர்ந்து 1869, 1870, 1872 ஆகிய ஆண்டுகளிலும் வென்றான். ஆட்டத்தில் தந்தையை விஞ்சிய அம்மைந்தனை ஊரே கொண்டாடிற்று. ஆனால் 1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக் என்னும் ஊரில் பார்க் சகோதரரோடு பொருதுகொண்டிருந்தபோது, மகனுடைய மனைவி பேற்றுநோயால் வருந்துகின்றாள் எனத் தந்தி வந்தது. படகேறிக் கடற்கழியைக் கடந்து விரைந்தனர். வீடு சேருமுன் தாயும் சேயும் மாண்டனர். அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு நாளன்று காலை மகன் படுக்கையிலேயே இறந்து கிடந்தான், வயது 24. மறு ஆண்டில் மாரிஸின் மனைவியும் மறைந்தார். எஞ்சிய மக்களையும் ஒருவர்பின் ஒருவராக அடக்கம் செய்துவிட்டு, அம்முதியவர் தனித்து வாழ்ந்தார்.

இத்துணை அடிபட்டும் அவர் திருச்சபையின் மூப்பராக ஊழியம் புரிந்தார். நாடோறும் விடியலில், உறைபனிக் காலத்தும், கடலில் நீராடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எவரையும் களத்தில் ஆடவிடார். ஆடுவோர்க்கு ஓய்வு வேண்டாவிடினும் புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்பழங்களத்தில் பெரும்பந்தய நாட்கள் நீங்கலாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டமின்மை இன்றும் வழக்கு.

காவலர் பணியினின்று 1903-இல் ஓய்வு பெற்றபின், கடைசிக் குழியை நோக்கியிருந்த சங்கக் கட்டடத்தில் நண்பரோடு அமர்ந்து ஆட்டம் பார்ப்பார். 1908 மே 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே மாடிப்படியில் தவறி விழுந்து உயிர் நீத்தார். அப்போது வயது 86. பாழடைந்த பேராலயத்து முற்றத்தில், மகன் கல்லறையருகே அவரை அடக்கம் செய்தனர். களத்தின் பதினெட்டாம் குழிக்கு அவர் பெயரே வழங்குகின்றது.